எழுந்து நிக்கச் சொல்றதுக்கு முன்னாடி மீதிக் கதையையும் சொல்லுங்கண்ணே

வாலிபர் முகாம் நடத்துற, மிஷனெரி பாரத்தோட ஊர் ஊரா போய்ப் பேசுற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

ஸ்தோத்திரம். நான் போர்ட் பிளேர்ல பொறந்து வளந்தவன். 2024ல ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க, ஆனா எங்க வாயில இன்னும் போர்ட் பிளேர்தான் வருது. தாத்தா காலத்துல நெல்லைப் பக்கத்துல இருந்து கப்பலேறி வந்த குடும்பம். ஞாயிறு தவறாம சர்ச்சுக்குப் போறவன், பாடகர் குழுவுல டெனர் பாடுறவன். இதை ஏன் முதல்லயே சொல்றேன்னா, இந்த மடலைப் படிச்சதும் "இவன் யாரோ வெளியாளு, ஊழியத்துக்கு எதிரி"ன்னு தள்ளிவிட்டுடக் கூடாதுல்ல, அதுக்குத்தான்.

விஷயம் இதுதான். போன மே மாசம் அக்கா பொண்ணு போன் பண்ணா. பதினாறு வயசு, ப்ளஸ் ஒன் முடிச்சிருக்கா. உங்க மாதிரி ஒரு முகாமுக்குப் போயிட்டு அன்னைக்குத்தான் திரும்பியிருக்கா, தொண்டை கட்டிப் போயி குரலே இல்ல, ஆனா சந்தோஷம். "மாமா, வாந்தூர்ல நின்னா அந்தத் தீவு தெரியுமா?"ன்னு கேட்டா. எந்தத் தீவுன்னு கேக்க வேண்டிய அவசியமே இல்ல. இங்க உள்ளவங்ககிட்ட வெளியூர்க்காரங்க "அந்தத் தீவு"ன்னு கேட்டா அது நார்த் சென்டினல்தான், வெளியாளை உள்ள விடாத ஆதிவாசிங்க இருக்குற தீவு. வாந்தூர் எங்க பக்கத்துக் கடற்கரை. நான் பாத்ததில்லம்மா, ஏன் கேக்குறேன்னேன். "கடைசி நாள் ராத்திரி ஜான் ஆலன் சாவ் கதை சொன்னாங்க மாமா, லைட்டெல்லாம் அணைச்சிட்டு கீபோர்டு மட்டும் மெதுவா வாசிச்சாங்க, அவரு விட்ட இடத்துல இருந்து தொடர யாரு போவீங்கன்னு கேட்டாங்க, நான் எழுந்து நின்னேன், கார்டுல பேர், போன் நம்பர் எல்லாம் எழுதிக் குடுத்துட்டேன்"னு ஒரே மூச்சுல சொல்லி முடிச்சா.

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. சரிம்மா, முதல்ல ப்ளஸ் டூ முடின்னு சொல்லி போனை வச்சிட்டேன். ஆனா அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

அண்ணே, அவ சொன்னதை வச்சுப் பாத்தா நீங்க சொன்ன கதையில பொய் எதுவும் இல்ல. அமெரிக்கப் பையன், 26 வயசு, சின்ன வயசுலயே அந்த ஜனங்க மேல பாரம், 2018 நவம்பர்ல போனான், அம்பு பட்டு செத்தான், இரத்த சாட்சி. அவ்வளவுதான் நீங்க சொன்னது. சொல்லாம விட்டது நிறைய இருக்கு, அதுதான் என் பிரச்சனை.

முதல்ல அந்தப் பையனைப் பத்தியே சொல்றேன். அவரு முட்டாள் கிடையாது, விளையாட்டுக்குப் போனவரும் கிடையாது, வருஷக்கணக்கா தயாரானவரு. முதலுதவி படிச்சாரு, தெரியாத பாஷையைக் கேட்டுக் கேட்டு எப்படிப் பிடிக்கிறதுன்னு கனடாவுல கோர்ஸ் பண்ணாரு, இங்க அந்தமானுக்கே முன்னாடி சில தடவை வந்துட்டுப் போயிருக்காரு. 2017ல ஒரு அமெரிக்க மிஷன் அமைப்பு நடத்துன ட்ரெய்னிங்ல கண்ணைக் கட்டிக் கொண்டு போயி ஒரு மண் ரோட்டுல இறக்கி விட்டாங்களாம், அங்க இருந்து நடந்து போனா செட்டு போட்ட மாதிரி ஒரு கிராமம், அந்த அமைப்போட ஆளுங்களே பழைய துணியும் பொய் ஈட்டியுமா ஆதிவாசி வேஷம் போட்டுட்டு இங்கிலீஷ் புரியாத மாதிரி நடிச்சு மிரட்டுவாங்களாம். இதைப் படிச்சப்போ எனக்கு கிறிஸ்துமஸ் நாடகம்தான் ஞாபகம் வந்துச்சு, மேய்ப்பன் தலையில துண்டைக் கட்டிட்டு நிப்பானே அது மாதிரி. நல்லாத்தான் நடிச்சிருப்பாங்க. ஆனா சென்டினல்காரங்க பாஷை வெளியில ஒருத்தருக்கும் தெரியாது, ஒரு வார்த்தை கூட. தெரியாத ஜனத்தை எப்படி நடிச்சுக் காட்டுறது?

நவம்பர் 14 ராத்திரி 25,000 ரூபா குடுத்து மீனவங்க போட்ல போனாரு. 15ம் தேதி கயாக்ல, அதான் சின்னத் துடுப்புப் படகுல, கரைக்குக் கிட்டப் போயி, என் பேர் ஜான், நான் உங்களை நேசிக்கிறேன், இயேசுவும் நேசிக்கிறாருன்னு இங்கிலீஷ்ல கத்துனாரு. அவங்க வில்லுல அம்பைப் பூட்டவும் திரும்பிட்டாரு. மறுபடி போனாரு. பாட்டுப் பாடிப் பாத்தாரு, அவங்க பேசுறதைத் திருப்பிச் சொல்லிப் பாத்தாரு, அவங்க சிரிச்சாங்க. அப்புறம் ஒரு சின்னப் பையன் விட்ட அம்பு அவரு நெஞ்சுக்கு நேரா பிடிச்சிருந்த வேதாகமத்துல குத்துச்சு. கயாக்கை விட்டுட்டு நீந்தித் தப்பிச்சு போட்டுக்கு வந்து டைரி எழுதுறாரு. இந்த இடத்தைத்தான் நீங்க முகாம்ல சொல்றதே இல்ல. எனக்கு பயமா இருக்கு, சாக விருப்பம் இல்லன்னு எழுதுறாரு. ஒரு குழந்தை எதுக்கு என் மேல அம்பு விடணும், அவன் குரல் இன்னும் காதுலயே இருக்குன்னு எழுதுறாரு. அந்தத் தீவு சாத்தானோட கடைசிக் கோட்டையான்னு கர்த்தர்கிட்டயே கேக்குறாரு. வீட்டுக்கு எழுதுன கடிதத்துல, நான் செத்தா அவங்க மேலயும் தேவன் மேலயும் கோவப்படாதீங்கன்னு எழுதியிருக்காரு. 16ம் தேதி மறுபடியும் கரைக்குப் போனாரு, போட்டை அங்க நிக்க வேணாம்னு அனுப்பிட்டாரு. 17 காலையில மீனவங்க பாத்தப்போ உடம்பைக் கரையில இழுத்துட்டுப் போயி புதைச்சிட்டு இருந்தாங்க.

அந்த டைரியைப் படிச்சு நான் அழுதேன், பொய் சொல்லல. பதினாறு வயசுப் புள்ளைக்கு சொல்ல வேண்டியது அந்த ராத்திரியைத்தான், போட்ல தனியா உக்காந்து, போகலாமா வேணாமான்னு கிழிஞ்சு போயிக் கிடந்தானே ஒருத்தன், அதை. கீபோர்டை நிப்பாட்டிட்டு சொல்லணும். அவரு அந்த ஜனங்களோட இருந்தது மொத்தமே சில மணி நேரம்தான், அவங்க பேர்ல ஒண்ணு கூட அவருக்குத் தெரியாதுன்னும் சேத்து சொல்லணும்.

அப்புறம் அந்த மீனவங்க. இந்தக் கதையில அவங்களை "சிலர் உதவினார்கள்"னு ஒரே வார்த்தையில தாண்டிடுறீங்க. அந்தக் கேஸ்ல ஏழு பேரைக் கைது பண்ணாங்க, பாதிக்கு மேல மீனவங்கதான். அவங்களுக்கும் வீடு, புள்ளைங்க எல்லாம் இருக்கும்ல? போனவரோட குடும்பமே, கொன்னவங்களை மன்னிச்சிட்டோம், அந்தமான்ல அவருக்கு உதவுன நண்பர்களை விட்டுடுங்கன்னு பகிரங்கமா கேட்டாங்க. அந்தப் பெருந்தன்மையாவது உங்க செய்தியில வந்திருக்கலாம். இரத்த சாட்சிக்கு பேனர் அடிக்கிறோம், ஜெயிலுக்குப் போனவங்களுக்கு ஒரு ஜெபக்குறிப்பு கூட கிடையாது.

சட்டத்தைப் பத்தி நீளமா பேச மாட்டேன். 1956லயே அந்தமான் ஆதிவாசிகள் பாதுகாப்புச் சட்டம் போட்டாச்சு, தீவைச் சுத்தி அஞ்சு கடல் மைல் யாரும் போகக் கூடாது. 2018 நடுவுல வெளிநாட்டுக்காரங்களுக்கான பெர்மிட் விதியை 29 தீவுகளுக்குத் தளர்த்துனாங்க, அந்த லிஸ்ட்ல இதுவும் இருந்துச்சு, அதை வச்சு "கவர்மெண்டே தொறந்துதான விட்டுச்சு"ன்னு உங்கள்ல சிலர் பேசுறீங்க. பழைய சட்டம் அப்படியேதான் இருந்துச்சுண்ணே, அதை யாரும் எடுக்கல. "மனுஷ சட்டத்தை விட தேவ கட்டளை பெருசு"ன்னு அடுத்து சொல்வீங்க, தெரியும். சரி, சட்டத்தை விடுங்க. நோயைப் பத்திப் பேசுவோம்.

1999ல எனக்குப் பத்து வயசு. அதுக்குக் கொஞ்ச காலம் முன்னாடிதான் ஜாரவாங்குற அந்தமான் ஆதிவாசி ஜனங்க காட்டை விட்டு ரோட்டுக்கு வர ஆரம்பிச்சிருந்தாங்க. அந்தமான் ட்ரங்க் ரோடு அவங்க காட்டுக்கு நடுவுலதான் போகுது, ஜிர்கட்டாங் செக்போஸ்ட்ல வண்டியெல்லாம் வரிசையா நிப்பாட்டி கான்வாயா அனுப்புவாங்க. ரங்கட்ல எங்க பெரியப்பா வீடு, லீவுக்கு அந்த பஸ்லதான் போவோம். ஒரு தடவை ரோட்டோரமா ஒரு அம்மா, இடுப்புல குழந்தை, பக்கத்துல என் வயசுப் பையன் ஒருத்தன். பஸ்ஸே ஒரு பக்கமா சாஞ்சுருச்சு, எல்லாரும் ஜன்னலுக்கு ஓடுனாங்க, யாரோ வாழைப்பழம் வீசுனாங்க. நான் கையில வச்சிருந்த குளுக்கோஸ் பிஸ்கட் பாக்கெட்டை, பாதி தின்னது, வாய் வச்ச மிச்சம், தூக்கிப் போட்டேன். அந்தப் பையன் அழகா கேட்ச் பிடிச்சான். எனக்கு ஒரே பெருமை, பெரியப்பா வீடு போற வரைக்கும் அதையே சொல்லிட்டு இருந்தேன்.

அதே வருஷம் ஜாரவாக்களுக்குத் தட்டம்மை. கூட்டம் கூட்டமா போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாங்க. எங்க சித்தி அப்ப நர்ஸ். வீட்டுக்கு வந்தா பேசவே மாட்டாங்க, ராத்திரி பூரா இருமல் சத்தம்டா, கட்டில்ல படுக்க வச்சா இறங்கித் தரையில போயி ஒருத்தரை ஒருத்தர் ஒட்டிப் படுத்துக்கிறாங்கடான்னு ஒரே ஒரு தடவை சொன்னாங்க. என் பிஸ்கட்டால வந்துச்சுன்னு சொல்லல, எதால வந்துச்சுன்னு யாரு கண்டா. ஆனா அன்னைக்கு நான் அன்பாத்தான் போட்டேன். இதை இருபத்தஞ்சு வருஷமா மனசுல வச்சிருக்கேன், அதனாலதான் "அன்போடு போனார்"னு நீங்க சொல்லும்போதெல்லாம் எனக்கு வயித்தைக் கலக்குது.

2018ல போனவரும் நோயைப் பத்தி யோசிக்காம இல்ல, தடுப்பூசியெல்லாம் போட்டுட்டு இங்க ஒரு வீட்டுல பல நாள் வெளிய வராமத் தனியா இருந்துட்டுத்தான் போனாரு, அதையும் ஒத்துக்குறேன். ஆனா ஆரோக்கியமான ஆளோட மூக்குலயும் தொண்டையிலயும் என்னென்ன கிருமி சும்மா குடியிருக்குன்னு எந்தத் தனிமையும் காட்டாது. நமக்கு ரெண்டு நாள் சளி, ஒரு தலைமுறை கூட அதைப் பாக்காத ஜனத்துக்கு அது என்னவாகும்? இது கற்பனைன்னு நினைச்சா கிரேட் அந்தமானியர்ங்குற இன்னொரு ஆதிவாசி ஜனத்தோட கதையைப் படிங்க. 1858ல வெள்ளைக்காரன் இங்க ஜெயிலூர் போட்டப்போ ஆயிரக்கணக்குல இருந்தாங்க. 1877ல தட்டம்மை வந்துச்சு, மேகநோய் வேற. 1901 சென்சஸ்ல 625 பேர். 1961ல 19 பேர். அவங்கள்ல "போ"ங்குற பாஷை பேசுன கடைசி ஆளு, போவா சீனியர்ங்குற பாட்டி, 2010ல செத்தாங்க, அவங்களோட அந்த பாஷையும் போச்சு. அந்த ஜனங்களை வச்சுப் பழக்குறதுக்கு 1863ல ராஸ் தீவுல "அந்தமான் ஹோம்"னு முதல்ல ஆரம்பிச்சது யாரு தெரியுமா, ஒரு பாதிரியார், ஹென்றி கார்பின். நம்மாளு. அவரும் நல்லது பண்றதாத்தான் நினைச்சிருப்பாரு.

சென்டினல்லயும் இது நடந்திருக்கு. 1880ல போர்ட்மேன்னு வெள்ளைக்கார ஆபீசர் ஒருத்தர் அங்க இருந்து ஒரு வயசான ஜோடியையும் நாலு குழந்தைங்களையும் பிடிச்சிட்டு வந்தாரு. எல்லாரும் சீக்காளியானாங்க, பெருசுங்க ரெண்டு பேரும் இங்கயே செத்துட்டாங்க, குழந்தைங்களை மட்டும் பரிசுப் பொருளோட திருப்பி அனுப்புனாரு. அந்தக் குழந்தைங்க ஊருக்குப் போயி என்ன சொல்லியிருக்கும், கூட என்னத்தைக் கொண்டு போயிருக்கும்? அம்பு எதுக்கு வருதுன்னு சாத்தான்கிட்ட போயித் தேடணுமாண்ணே.

அவங்க எப்பவும் எல்லாரையும் கொல்றவங்களும் இல்ல. 1991 ஜனவரியில அரசாங்கத்தோட மானுடவியல் குழு போனப்போ மதுமாலா சட்டோபாத்யாயான்னு ஒரு அம்மா தண்ணியில நின்னு தேங்காயைக் கையில குடுத்து அவங்களும் வாங்கியிருக்காங்க. அப்புறம் அந்த அரசாங்கமே யோசிச்சு, இந்தப் போக்குவரத்தால அவங்களுக்கு ஒரு லாபமும் இல்ல, ஆபத்துதான்னு தொண்ணூறுகள்லயே போறதை நிப்பாட்டிருச்சு. 2004 சுனாமிக்கப்புறம் ஹெலிகாப்டர் மேல போயிப் பாத்தப்போ ஒருத்தர் ஓடி வந்து அம்பைக் குறி வச்சாரே, அந்தப் போட்டோவை நீங்களும் பாத்திருப்பீங்க. அது பதில்ணே. ஏத்துக்காத ஊர்ல கால் தூசியை உதறிட்டுக் கிளம்புங்கன்னு ஆண்டவரே சீஷங்ககிட்ட சொல்லித்தான் அனுப்புனாரு, அந்த வசனத்துல முகாம் பாட்டு எதுவும் வந்த மாதிரி தெரியல.

2025 மார்ச்ல இன்னொரு அமெரிக்கப் பையன் போயிட்டு வந்தான், 24 வயசு. அவன் ஊழியக்காரன் இல்ல, கரையில ஒரு தேங்காயையும் கோக் டின்னையும் வச்சிட்டு வீடியோ எடுத்துட்டு வந்து போலீஸ்ல மாட்டுனான். ரெண்டு பேரையும் ஒண்ணா வச்சுப் பேசுறது உங்களுக்குக் கோவம் வரும். வரட்டும். கரையில நிக்கிறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான், கேக்காம வந்த ஆளு.

இவ்வளவு சொன்னா உங்கள்ல மூத்தவங்க ஒருத்தர் கண்டிப்பா கேப்பாரு, "அப்ப நிக்கோபார் கிறிஸ்தவத்துக்கு மாறலையா தம்பி?" மாறுச்சுய்யா. அந்தக் கதையைத்தான் முகாம்ல சொல்லுங்கன்னு கெஞ்சுறேன். அது நம்ம கதை, அதுல தரங்கம்பாடி இருக்கு, மெட்ராஸ் இருக்கு.

1768ல தரங்கம்பாடியில இருந்து மொரேவியன் சபைங்குற புராட்டஸ்டண்ட் மிஷன் ஆளுங்க நிக்கோபார்ல இருக்குற நான்கவுரி தீவுக்குப் போனாங்க. அதுல ஹேன்சல்னு ஒருத்தர், 1779ல போனப்போ முப்பதை ஒட்டுன வயசு. பல வருஷம் அங்கேயே கிடந்தாரு. பாஷை வாயில நுழையல, காய்ச்சல் விடல, கையில காசு இல்லாம சங்கு சிப்பி பொறுக்கி, பாம்பு பிடிச்சு, தரங்கம்பாடிக்கு அனுப்பி வித்துத்தான் பொழப்பு ஓடுச்சு. பதினோரு பேரை அங்கேயே புதைச்சாங்க, திரும்பி வந்த பதிமூணு பேர் தரங்கம்பாடியில செத்தாங்க. 1787ல கடையைக் கட்டுறப்போ அந்தக் கல்லறைகளுக்கு நடுவுல உக்காந்து அழுதேன்னு அவரே பின்னாடி எழுதியிருக்காரு. ஆனா பாருங்க, கிளம்புறாங்கன்னு கேள்விப்பட்டு சுத்தியிருக்கிற தீவு ஜனமெல்லாம் வந்து அழுது, திரும்பி வாங்கன்னு சொல்லியனுப்புச்சாம். ஞானஸ்நானக் கணக்கு காட்ட ஒண்ணும் இல்லாத ஊழியம். இதை எந்த முகாம்லயாவது சொல்லுவீங்களா? ரிப்போர்ட்ல போட முடியாதே.

அதுக்கப்புறம் நூறு வருஷம் தாண்டி கார் நிக்கோபார்ல முஸ் கிராமத்துக்கு வந்தவரு வேதப்பன் சாலமோன், மெட்ராஸ் தமிழரு. உபதேசியார், பள்ளிக்கூட வாத்தியார், சர்க்கார் ஏஜெண்ட், எல்லாம் ஒரே ஆளுதான். அங்கேயே வருஷக்கணக்கா இருந்தாரு, தினமும் டைரி எழுதுனாரு, ஊர்ல நடக்குற விருந்து, சாவு, சண்டை எல்லாத்தையும். அவர்கிட்ட படிச்ச பையன்தான் ஹா செவ் கா, நம்ம சொல்ற ஜான் ரிச்சர்ட்சன். மாண்டலேயில படிச்சிட்டு 1912ல ஊர் திரும்பி, பாஷைக்கு எழுத்து பழக்கி, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து, ஜப்பான்காரன் ஜெயில்ல அடிபட்டு, 1950ல பிஷப் ஆகி, முதல் லோக்சபாவுலயும் உக்காந்தவரு. நிக்கோபார்ல பசங்க இன்னைக்கு விழுந்து விழுந்து ஃபுட்பால் ஆடுறாங்களே, அதைக் கொண்டு வந்ததே அவருதான்னு சொல்வாங்க. 2018ல போனவரும் பையில ஒரு ஃபுட்பால் எடுத்துட்டுப் போயிருந்தாரு. அதை யோசிச்சா எனக்கு இன்னும் நெஞ்சு அடைக்குது.

ஆனா இதை வச்சு "பாத்தியா, சென்டினலும் ஒரு நாள் இப்படி ஆகும்"னு தாவிடாதீங்க. நிக்கோபார்க்காரங்க பல நூறு வருஷமா வர்ற போற கப்பலுக்குத் தேங்காய் வித்தவங்க, பல ஊர் ஆளையும் பல ஊர் காய்ச்சலையும் பாத்தவங்க, அவங்களே போட் ஏறி வந்து பேரம் பேசுவாங்க. அந்த ஜனங்க வேற, இந்த ஜனங்க வேற.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. ஊழியத்தை நிப்பாட்டச் சொல்லல. நார்த் சென்டினல் கதையைச் சொல்லி லைட்டை அணைச்சு பதினெட்டு வயசு ஆகாத புள்ளைங்களை எழுந்து நிக்கச் சொல்றதை நிப்பாட்டுங்க. சொல்லித்தான் ஆகணும்னா தட்டம்மையோட சேத்து, மீனவங்களோட சேத்து, டைரியோட சேத்து முழுசா சொல்லுங்க, பகல் வெளிச்சத்துல. என்னைக் கூப்பிட்டாலும் வர்றேன், கப்பல்ல மூணு நாள் ஆகும் சென்னைக்கு, டிக்கெட் என் செலவு, அரை மணி நேரம் குடுங்க போதும்.

அக்கா பொண்ணுகிட்ட இதையெல்லாம் போன வாரம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தா. அப்புறம் "அப்ப நான் எழுந்து நின்னது தப்பா மாமா?"ன்னு கேட்டா. எனக்கு அதுக்குப் பதில் சொல்ல வரல. நிக்கச் சொன்னது நீங்க, அதனால நீங்களே கூப்பிட்டுப் பேசுங்க. நம்பர்தான் உங்ககிட்ட இருக்கே, கார்டுல எழுதி வாங்குனீங்கள்ல. சாயந்தரம் ஆறு மணிக்கு மேல பண்ணுங்க, அதுவரைக்கும் ட்யூஷன்.

கர்த்தருக்குள் அன்போடு,
போர்ட் பிளேர்ல இருந்து ஒரு மாமன்